நசரத்பேட்டை வழியே ஓடும் பெவல் கியர்கள்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம் நசரத்பேட்டை. எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் கன்டெய்னர் லாரிகள், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து புதுக் கார்களை ஏற்றி வரும் டிரெய்லர்கள், திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டுபோகும் சிறு வண்டிகள், எம்-சாண்ட் டிப்பர்கள் எல்லாம் இங்கே திரும்புகின்றன. லாரி, டிப்பர் எதுவானாலும் அதன் பின் அச்சுக் கூட்டுக்குள் ஒரு ஜோடி பெவல் கியர் எண்ணெயில் முங்கிச் சுழன்றுகொண்டிருக்கிறது. அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் பனிமலர் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் இயந்திரவியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை.

அண்ணா பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக இயந்திரவியல் மாணவர்களுக்கு வைத்திருந்த 'டிசைன் ஆஃப் டிரான்ஸ்மிஷன் சிஸ்டம்ஸ்' பாடத்தில் பெவல் கியருக்கு இடம் உண்டு. ஆனால் கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியின் டிசைன் டேட்டா புத்தகத்தைப் புரட்டி மாணவர் போடும் கணக்கு நேர்ப்பல் வகைக்கானது. வெளியே சாலையில் பாரத்தை இழுப்பதோ வளைந்த பல் கொண்ட ஸ்பைரல் வகையும் ஹைப்பாய்டு வகையும். நேர்ப்பல் எங்கே போதும், எங்கே போதாது, வளைத்ததால் கிடைத்தது என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன என்பவை தெரிந்தால்தான் பெவல் கியரின் வகைகள் ஒரு பட்டியலாக இல்லாமல் அறிவாக மாறும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைத்தான் எடுத்துக்கொள்கிறது.

லாரியில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் நீளவாக்கில் பின்னோக்கிப் போகிறது. சக்கரங்களைச் சுற்ற வேண்டிய அச்சோ குறுக்கே கிடக்கிறது. சுழற்சியை 90 டிகிரி திருப்பியாக வேண்டும். இரண்டு கூம்புகளை அவற்றின் முனைகள் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி பக்கம் பக்கமாகப் படுக்கவைத்தால், ஒன்றைச் சுழற்றும்போது மற்றது வழுக்காமல் உருளும். அந்தக் கூம்புகளின் மேல் பல் வெட்டியதுதான் பெவல் கியர். பல்லும் கூம்பைப் போலவே வெளிப்பக்கம் பெருத்து உள்பக்கம் சிறுத்து வரும். அச்சுகள் செங்குத்தாக இருந்தால், சின்னச் சக்கரத்தின் கூம்புக் கோணத்துடைய டேன்ஜென்ட் என்பது அதன் பல் எண்ணிக்கையைப் பெரிய சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்த அளவு. பின் அச்சின் பெவல் ஜோடியில் சின்னது பினியன், பெரியது கிரவுன் வீல். உதிரிபாகக் கடைகளில் '6க்கு 41' என்று கேட்டு வாங்கும் கிரவுன் பினியனை எடுத்துக்கொள்ளுங்கள். வேகக் குறைப்பு 6.83 மடங்கு. அச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் வகையாக அதைக் கணக்கிட்டால் பினியனின் கூம்புக் கோணம் 8 டிகிரியை ஒட்டி வரும், கிரவுன் வீலுடையது 82 டிகிரியை ஒட்டி வரும். கிரவுன் வீல் ஏன் தட்டு மாதிரியும் பினியன் ஏன் கூர்மழுங்கிய முளை மாதிரியும் இருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம். இரண்டிலும் பல் எண்ணிக்கை சமம் என்றால் இரண்டும் 45 டிகிரி; அதற்கு மைட்டர் கியர் என்று பெயர். அங்கே வேகம் மாறாது, திசை மட்டும் திரும்பும்.

சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்பும் வேலை புதிதல்ல. வட இந்தியாவின் பாரசீகச் சக்கர நீரிறைப்பில், மாடு படுகிடையாகச் சுற்றும் சக்கரத்தின் மர முளைகள் நிமிர்ந்து நிற்கும் சக்கரத்தைப் பற்றித் திருப்பின. நம் பக்கத்துக் கவலையும் ஏற்றமும் வேறு வழியில் போயின. மாட்டை முன்னும் பின்னும் நடத்தியும், மனிதன் ஏறி இறங்கியும் நீர் இறைத்ததால் அவற்றுக்குப் பல்சக்கரம் தேவைப்படவில்லை.

நேர்ப்பல் பெவல் கியரைப் பார்க்க பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டும் எந்த இடத்துக்கும் போகலாம். கலவை மிஷினின் டிரம்மைச் சுற்றி வார்ப்பிரும்பில் ஒரு பெரிய பல்வளையம் இருக்கும். அதைத் திருப்புவது ஒரு சின்ன பெவல் பினியன். மேலே மூடி இருக்காது, எண்ணெய்த் தொட்டி கிடையாது. சிமென்ட் தூசியும் ஜல்லித் துகளும் பல்லிடுக்கில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனாலும் அது ஓடும், ஏனென்றால் டிரம் மிக மெதுவாகச் சுழல்கிறது. பல் தேய்ந்தால் சத்தம் கூடும், அவ்வளவுதான். அந்த இடத்தில் துல்லியமாகத் தேய்த்து மெருகேற்றிய ஸ்பைரல் கியரை வைப்பது வீண் செலவு. ஏரி மதகுகளில் கையால் சுழற்றும் ஷட்டர்களிலும் இதே கதைதான். கைப்பிடியின் அச்சு படுகிடையாக இருக்கிறது, திருகுத் தண்டு நிமிர்ந்து நிற்கிறது, நடுவில் ஒரு ஜோடி நேர்ப்பல் பெவல் கியர். வருடத்தில் சில நாள் மட்டும் திருப்பப்படும் பொறிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் மில்லிங் மிஷினின் மேசையை உயர்த்தும் கைப்பிடிக்குப் பின்னாலும் இதே வகை ஜோடிதான் இருக்கும்.

நேர்ப்பல்லின் மிக முக்கியமான வேலை டிஃபரன்ஷியலுக்குள்தான். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கட்டை அச்சில் பிணைத்தால் டயர் தரையில் இழுபடும், அச்சு முறுக்கிக்கொள்ளும். 1820களின் இறுதியில் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக உருவாக்கிய டிஃபரன்ஷியல் இதற்குத் தீர்வு தந்தது. கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் மெக்கானிக்குகள் ஸ்டார் கியர் என்று சொல்லும் சின்ன பெவல் சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றின் இருபுறமும் சைடு கியர்கள். வண்டி நேராகப் போகும்போது ஸ்டார் கியர் தன் அச்சில் சுழல்வதே இல்லை. பல்லோடு பல் அழுத்தியபடி மொத்தக் கூடும் ஒரே கட்டியாகப் போகும். வளைவில் மட்டும், அதுவும் மெதுவாக, அது உருள்கிறது. சுழற்சி வேகம் இவ்வளவு குறைவாக இருப்பதால் சத்தத்தைப் பற்றிக் கவலையில்லை, பலம்தான் தேவை. அதனால் இவற்றைப் பல்லோடு சேர்த்தே ஃபோர்ஜ் செய்துவிடுகிறார்கள். பல் வெட்டும் மிஷினே வேண்டாம், இரும்பின் இழையோட்டமும் பல்லின் வளைவோடு போவதால் வலிமையும் கூடுகிறது. ஆட்டோ முதல் கனரக டிப்பர் வரை இந்த இடத்தை நேர்ப்பல்தான் பிடித்துவைத்திருக்கிறது. இதற்கு மாற்று தேட வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

நேர்ப்பல்லின் குறை வேகத்தில் வெளிப்படும். ஒரு பல் எதிர்ப் பல்லைத் தொடும்போது அதன் நீளம் முழுவதும் ஒரே நேரத்தில் மோதுகிறது. பல்வட்டத்தின் வேகம் வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அந்த மோதல் இரைச்சலாகவும் அதிர்வாகவும் மாறும் என்பது வடிவமைப்பாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் எல்லை. பல் வெட்டுவதிலும் நெடுங்காலம் சிக்கல் இருந்தது. கூம்பின் மேல் சிறுத்துக்கொண்டே போகும் பல்லைச் சாதாரண கட்டரால் சரியாக வெட்ட முடியாது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் வில்லியம் கிளீசன் 1874இல் பெவல் கியர் பிளேனர் என்ற மிஷினை உருவாக்கிய பிறகுதான் அந்த வேலை தொழிற்சாலைக்கு ஏற்றதாயிற்று. அவருடைய மகள் கேட் கிளீசன் அந்த மிஷின்களை விற்பதிலும் நிறுவனத்தை வளர்ப்பதிலும் முன்னின்றவர். 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முழு உறுப்பினரான முதல் பெண்மணியும் அவரே. இன்றும் பெவல் கியர் உலகத்தில் கிளீசன் முறை, ஜெர்மனியின் கிளிங்கல்ன்பெர்க் முறை, சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓர்லிக்கான் முறை என்று பேசுகிறார்கள். கிளீசன் மரபில் ஒவ்வொரு பல்லிடுக்கையும் தனித்தனியே வெட்டி அடுத்ததற்கு நகர்வார்கள். மற்ற இரண்டிலும் சக்கரமும் கட்டரும் நிற்காமல் சேர்ந்து சுழன்று எல்லாப் பற்களையும் ஒருசேர வெட்டும். முதல் முறையில் வெட்டிய பல்லைக் கடினப்படுத்திய பிறகு கிரைண்டிங் செய்வது எளிது. இரண்டாவதில் உற்பத்தி வேகம் அதிகம்.

பல்லைச் சாய்த்து வில்லாக வளைத்தால் ஸ்பைரல் பெவல். வழக்கமான சாய்வு 35 டிகிரி. ஒரு பல்லின் ஒரு முனை தொடத் தொடங்கி, தொடும் இடம் நீளவாக்கில் நகர்ந்துபோகும். அது விடுபடுவதற்குள் அடுத்த பல் பாரத்தை ஏற்கத் தொடங்கியிருக்கும். அதனால் சத்தம் குறைகிறது, வேகம் கூடலாம், அதே அளவில் அதிக பாரம் தாங்கும். லாரி, டிராக்டர் இரண்டின் கிரவுன் பினியனுக்கும் இது பரவலாகப் பயன்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்து நெல் வயல்களில் ஓடும் டிராக்டர்களின் பின்பக்கம் ரோட்டவேட்டர் மாட்டும்போது இன்னொரு பெவல் ஜோடியும் சேர்ந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 540 சுற்றில் நீளவாக்கில் வரும், டிராக்டரின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. ஷாஃப்டின் சுழற்சியைக் குறுக்கே கிடக்கும் கத்தித் தண்டுக்கு அதுதான் திருப்பிக் கொடுக்கிறது. டைல்ஸ் வெட்டும் கையடக்க கிரைண்டரின் தலையிலும், கூலிங் டவர் மேலே சுழலும் பெரிய மின்விசிறியின் கீழும், ஹெலிகாப்டர் எஞ்சினிலிருந்து ரோட்டருக்குப் போகும் கியர்பாக்ஸிலும், துறைமுக இழுவைப் படகின் இசட் டிரைவிலும் ஸ்பைரல் பெவல் இருக்கிறது. கிரைண்டரில் உள்ளதன் விலை சில நூறு ரூபாய். ஹெலிகாப்டரில் உள்ளது ஒவ்வொரு பல்லும் கிரைண்டிங் செய்யப்பட்டு, விரிசல் சோதனை செய்யப்பட்டு, பறக்கும் மணிநேரக் கணக்கோடு வாழ்கிறது. வடிவக் கணிதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வளைத்ததற்கு விலை, அச்சுவாக்கில் வரும் தள்ளுவிசை. நேர்ப்பல்லில் அந்த விசை எப்போதும் பினியனைக் கிரவுனிலிருந்து வெளியே தள்ளும், சுழலும் திசை எதுவானாலும். ஸ்பைரலில் அது பல் சாய்ந்த கையையும் சுழலும் திசையையும் பொறுத்து மாறும். ஒரு திசையில் வெளியே தள்ளும். மறு திசையில் உள்ளே இழுத்துப் பல்லோடு பல்லை இறுக்கப் பார்க்கும். ஆகவே வண்டி முன்னால் போகும் திசையில் பினியன் வெளியே தள்ளப்படும்படிதான் சாய்வின் கையைத் தேர்ந்தெடுப்பார்கள். இரு திசை விசையையும் தாங்க டேப்பர் ரோலர் பேரிங்குகளை முன்கூட்டியே இறுக்கி வைக்க வேண்டும். அந்த இறுக்கம் தளர்ந்த நாளிலிருந்து பல் தப்பான இடத்தில் தொட ஆரம்பிக்கும். பேரிங்கை மாற்றாமல் கிரவுன் பினியனை மட்டும் மாற்றுகிறவர்கள் இந்தக் காரணத்தால்தான் சீக்கிரமே மறுபடி செலவு செய்கிறார்கள்.

ஜெரோல் என்பது கிளீசன் நிறுவனம் பெயரிட்ட இடைப்பட்ட வகை. பல் வளைந்திருக்கும், ஆனால் பல்லின் நடுவில் சாய்வுக் கோணம் பூச்சியம். தள்ளுவிசை நேர்ப்பல் போலவே நடந்துகொள்ளும். பல் வளைவால் தொடும் இடத்தைப் பல்லின் நடுவில் நிறுத்தலாம், கிரைண்டிங்கும் செய்யலாம். நேர்ப்பல் இருந்த கியர்பாக்ஸில் பேரிங்கை மாற்றாமல் துல்லியத்தை மட்டும் கூட்ட வேண்டிய இடங்களில் இது பயன்படும். நம் சாலைகளில் இதைத் தேடினால் கிடைக்காது.

அடுத்தது ஹைப்பாய்டு, இங்கேதான் விஷயம் சுவையாகிறது. இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் இரு அச்சுகளும் ஒரு புள்ளியில் சந்தித்தன. ஹைப்பாய்டில் சந்திக்காது. பினியனின் அச்சு கிரவுனின் மையத்துக்குக் கீழேயோ மேலேயோ விலகிப் போகும். 1926இல் பாக்கார்டு நிறுவனம் தன் கார்களில் இதைக் கொண்டுவந்தது. பினியன் கீழே இறங்கியதால் புரொப்பெல்லர் ஷாஃப்டும் இறங்கியது, காரின் தரையும் இறங்கியது. ஆனால் அதைவிடப் பெரிய லாபம் வேறு. விலகலுக்கு ஏற்ப பினியனின் சாய்வு கிரவுனுடையதைவிடக் கூடுகிறது. அதனால் அதே பல் எண்ணிக்கையில், அதே வேகக் குறைப்பில் பினியன் தடிமனாகிறது. ஜோடியில் எப்போதும் பலவீனமானது பினியன்தான். ஆறு பல் நாற்பத்தொரு பல்லோடு மல்லுக்கட்டுகிறது. அந்தப் பலவீனத்தை ஹைப்பாய்டு நேராகத் தீர்க்கிறது. கூடவே ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் தொடுவதால் இன்னும் அமைதியாக ஓடும்.

இதற்கான விலை வழுக்கல். ஸ்பைரலில் பற்கள் பெரும்பாலும் உருண்டு நகர்கின்றன. ஹைப்பாய்டில் உருள்வதோடு நீளவாக்கில் உரசி இழுபடவும் செய்கின்றன. கடும் அழுத்தத்தில் உரசும் இரும்புகளுக்கு நடுவே சாதாரண எண்ணெய்ப் படலம் நிற்காது. கிழிந்துபோய் இரும்போடு இரும்பு ஒட்டிப் பிய்ந்துவிடும். அதற்காகவே கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஈ.பி. எண்ணெய்கள் வந்தன. சூடேறும் தொடுமுகத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். டப்பாவில் ஜி.எல்.-5 என்று போட்டிருப்பது ஹைப்பாய்டு அச்சுக்கான இந்தத் தரத்தைத்தான். ஆனால் அதே எண்ணெயைக் கியர்பாக்ஸில் ஊற்றினால், பித்தளை சிங்க்ரோனைசர் வளையங்களை அதன் கந்தகம் அரிக்கலாம். ஆகவே பல கியர்பாக்ஸ்களுக்கு ஜி.எல்.-4 என்கிறார்கள். 'ரெண்டும் கியர் ஆயில்தானே' என்று ஒரே டப்பாவிலிருந்து இரண்டுக்கும் ஊற்றும் பழக்கம் இந்த வட்டாரத்தில் மட்டுமல்ல, நாடு முழுக்க உண்டு. வண்டிக்காரர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டிய பழக்கம் அது. உரசலால் ஹைப்பாய்டின் திறனும் ஸ்பைரலைவிடச் சற்றுக் குறையும். விலகல் கூடக் கூட இழப்பும் கூடும். அதனால் டீசல் செலவை எண்ணும் கனரக வண்டிகளுக்கு விலகலைக் குறைத்து வடிவமைக்கிறார்கள்.

ஸ்பைரலோ ஹைப்பாய்டோ, வண்டிகளின் கிரவுனும் பினியனும் பொதுவாக ஒன்றுக்காக மற்றொன்று செய்யப்பட்ட ஜோடி. கார்பன் ஏற்றிக் கடினப்படுத்தும்போது சூட்டில் ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் துளி கோணும். பிறகு இரண்டையும் உரசு பசையிட்டு ஒன்றோடொன்று ஓடவிட்டு லேப்பிங் செய்வதால், அந்தக் கோணலுக்கு ஏற்ப ஒன்று மற்றதைத் தேய்த்துப் பொருத்திக்கொள்கிறது. இரண்டின் மேலும் ஒரே ஜோடி எண் பொறிக்கப்படும். பினியன் மட்டும் உடைந்தால் பினியனை மட்டும் மாற்றுவது பணத்தை மிச்சப்படுத்துவது போலத் தோன்றும். வேறு ஜோடியில் பிறந்த பினியன் சத்தம் போட்டு, பழைய கிரவுனையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

புது ஜோடியைப் பொருத்தும் இடத்தில்தான் நல்ல மெக்கானிக்கின் அறிவு தெரியும். கிரவுனின் சில பற்களில் நீல மையைப் பூசி, லேசாகப் பாரம் கொடுத்துச் சுழற்றுகிறார். மை அழிந்த தடம் பல்லின் நடுவில், உள்முனைப் பக்கம் சற்றே சாய்ந்து விழ வேண்டும், ஏனென்றால் முழுப் பாரம் ஏறும்போது கூடு வளைந்து அந்தத் தடம் வெளிமுனையை நோக்கி நகரும். தடம் பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் தூரத்தில் இருக்கிறது. ஷிம் எனும் மெல்லிய தகட்டைக் கூட்டி உள்ளே கொண்டுவர வேண்டும். அடியில் விழுந்தால் ஷிம்மைக் குறைக்க வேண்டும். உள்முனையிலோ வெளிமுனையிலோ ஒதுங்கினால் பக்கவாட்டு நட்டைத் திருகி கிரவுனை நகர்த்தி, பற்களுக்கு இடையே உள்ள தளர்வான பிளேயைச் சரிசெய்ய வேண்டும். டயல் கேஜில் அந்தப் பிளே மில்லிமீட்டரில் கால் பங்கை ஒட்டி நிற்கும். துல்லிய அளவை வண்டியின் கையேடு சொல்லும். சரியாக வைக்காத ஜோடி, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டால் பல்லின் ஒரு முகத்தில் கோளாறு. காலை எடுக்கும்போது ஊளையிட்டால் மறுமுகத்தில். காதால் கேட்டே முகத்தைச் சொல்லும் கைகள் இந்த நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகளில் இன்றும் உண்டு. மாணவர் தாளில் போடும் கூம்புக் கோணக் கணக்கு இவர்கள் கையில் நீல மையாகத் தெரிகிறது.

உள்ளூரில் பெவல் கியர் செய்துகொள்ள முடியாதா என்ற கேள்வியும் எழும். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் மரபில் வந்த சிறு பட்டறைகளில் மில்லிங் மிஷினும் டிவைடிங் ஹெட்டும் வைத்து நேர்ப்பல் பெவலை வெட்டிவிடலாம். அந்தப் பல் கூம்பின் முழு நீளத்துக்கும் சரியான வடிவில் வராது, கிட்டத்தட்டத்தான் வரும். கலவை மிஷினுக்கும் ஷட்டருக்கும் அது போதும். ஸ்பைரலும் ஹைப்பாய்டும் அதற்கென்றே உள்ள மிஷின்களின் வேலை. இப்போது ஐந்து அச்சு சி.என்.சி. மிஷினில் ஒன்றிரண்டு பெரிய சக்கரங்களை வெட்ட முடிகிறது. பழைய ஆலை மிஷின்களுக்கு உதிரி கிடைக்காதபோது இது பெரிய வழி.

பெவல் கியர் விடைபெறும் இடங்களும் இதே வட்டாரத்தில் உண்டு. நசரத்பேட்டையைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் தயாரித்துவரும் சிறு கார்களில் எஞ்சினே குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. சுழற்சி ஏற்கெனவே சக்கர அச்சுக்கு இணையாக இருப்பதால் ஹெலிகல் கியர் போதும். அம்பாசிடரிலும் ஜீப்பிலும் இருந்த கிரவுன் பினியன் அங்கே இல்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை கட்டிய டி-72 டாங்கிலும் எஞ்சின் குறுக்காகவே கிடக்கிறது. மின்சார வண்டிகளில் மோட்டாரை அச்சிலேயே குறுக்காக வைத்துவிட்டால் அங்கும் கிரவுன் பினியனுக்கு வேலையில்லை. மோட்டாரைச் சட்டத்தின் நடுவில் வைத்துப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியே பின் அச்சை ஓட்டும் அமைப்பில் மட்டும் அது தொடரும். எப்படி மாறினாலும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் நேர்ப்பல் ஸ்டார் கியர்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

என் தீர்ப்பு இதுதான். மெதுவாக ஓடும், விட்டுவிட்டு ஓடும் எந்தப் பொறிக்கும் நேர்ப்பல்லே சரி. வேகமும் தொடர் பாரமும் இருந்தால் ஸ்பைரல். பினியனுக்குக் கூடுதல் பலமும் அமைதியும் வேண்டும், சரியான எண்ணெய் ஊற்ற ஆளும் உண்டு என்றால் ஹைப்பாய்டு. இயந்திரவியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய லாரி ஒன்றின் பின் அச்சுக் கூட்டை வாங்கி ஆய்வகத்தில் வையுங்கள். நெடுஞ்சாலைப் பட்டறையிலிருந்து அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை ஒரு நாள் ஊதியம் கொடுத்து அழைத்து, ஷிம் வைத்து நீல மைத் தடம் பார்ப்பதை மாணவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.